சன்னல் என்ன செய்ய வேண்டும்

முதல் ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் நானே சொன்னேன்.
சட்டம் லெங்கா மரம், தடிமன் ஐம்பது மில்லிமீட்டர்,
பக்கத்துக்கு ஆறு திருகு,
பசை இன்ன கம்பெனி, இன்ன எண்,
வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு.
பதினொரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

போர்வெனிர் என்றால் அவர்கள் மொழியில் வருங்காலம்.
அந்தப் பெயர்கொண்ட ஊரின் மருத்துவமனையில்,
ஜூன் மாதம், நீரிணை தாண்டி வந்த காற்று
மூன்றாம் படுக்கையை நனைத்துவிட்டுப் போனது.

போய் எண்ணினேன். ஆறு திருகும் இருந்தன.
அளவுகோல் வைத்தேன். ஐம்பதுக்கு ஐம்பது.
ஒப்பந்தக்காரர் தாளை நீட்டினார்:
"நீங்கள் சொன்னபடிதான், அம்மணி."
உண்மை.
யாரும் எந்தத் தவறும் செய்யாமல்
ஒரு மெத்தை ஈரமாகக் கிடந்தது.

நர்ஸ் எதெல்மிரா பார்ரியா
துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:
"சன்னல் எதால் ஆனதென்று இங்கே யாருக்குக் கவலை?
உள்ளே எது வரக்கூடாதென்று எழுத மாட்டீர்களா?"

அன்றிரவு மரத்தை அடித்தேன். திருகை அடித்தேன்.
பசையை அடிக்கும்போது மட்டும் கை தயங்கியது.
ஏதாவது ஆனால் பழி சொல்ல
ஒரு கம்பெனிப் பெயர் இருப்பதில்
எனக்கொரு நிம்மதி இருந்திருக்கிறது.

பதினொரு பக்கம் ஒன்றரையானது.

மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் காற்றோடு
இரண்டு மணி நேரம் மழை வாங்கிய பிறகும்
உள்விளிம்பில் வைத்த காகிதம் உலர்ந்திருக்க வேண்டும்.
வெளியே மைனஸ் எட்டு இருக்கையில்
தலையணை உயரத்தில் பத்தொன்பதுக்குக் குறையக்கூடாது.
முழங்கை வலிக்கிற நர்ஸ் ஒற்றைக் கையால் திறக்க முடிய வேண்டும்.
எவ்வளவு வலி என்று கேட்டது தணிக்கை அலுவலகம்.
மீன் தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்து
மூன்று கிலோ என்று திருத்தினேன்.
நல்ல, உறுதியான, தரமான:
முன்பு வரிக்கு வரி தூவியவை.
எந்தத் தராசிலும் முள் அசையவில்லை. எடுத்துவிட்டேன்.
கடைசி வரி:
எப்படிச் செய்வீர்கள் என்பது உங்கள் பாடு,
எப்படிச் சோதிப்பேன் என்பது மேலே இருக்கிறது.

சாந்தியாகோவிலிருந்து அலுமினியம் வந்தது,
பளபளக்கும் விலைப்பட்டியலோடு.
பாஸ்கோ மார்டினிச்சும் வந்தான். படகு கட்டுகிறவன்,
ஆயுளில் ஒரு வீட்டுச் சன்னல் செய்ததில்லை.
பழைய பதினொரு பக்கம்
அவனை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.
"கடல் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதானே?" என்றான்.

தீயணைப்பு வண்டியின் குழாய்,
சுரங்கத்தில் கடன் வாங்கிய ராட்சத மின்விசிறி.
நாற்பதாம் நிமிடம் அலுமினியம் ஒரு மூலையில் வியர்த்தது.
ஐம்பத்திரண்டாம் நிமிடம் பாஸ்கோவுடையதும் ஒழுகியது.
சாந்தியாகோக்காரர்கள் கடிதம் எழுதினார்கள்.
பாஸ்கோ எதுவும் பேசாமல் சன்னலைத் தோளில் தூக்கிப் போனான்,
ஒன்பதாம் நாள் அடிச்சட்டத்தில்
புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தான்.
இரண்டு மணி நேரம் முடிந்ததும்
விளிம்பிலிருந்த காகிதத்தை எடுத்து
அதிலேயே கையெழுத்துப் போட்டேன்.
மை பரவவில்லை.

நவம்பரில் மேல்காற்று எழுந்தது.
மெத்தை உலர்ந்திருந்தது. தலையணையருகே இருபது.
எதெல்மிரா ஒற்றைக் கையால் திறந்தாள், மூடினாள்.
சன்னல் விசிலடித்தது.

இரவு முழுக்க, மூச்சு விடாமல்.
மூன்றாம் படுக்கைக்காரர்
"வெளியே எவனோ கூப்பிடுகிறான், உள்ளே விடுங்கள்" என்றாராம்,
இரண்டு தடவை.

பாஸ்கோவை வரச் சொன்னேன்.
ஒன்றரைப் பக்கத்தை நீட்டினான்.
"சத்தம் பற்றி எங்கே இருக்கிறது?"
எங்கும் இல்லை.
முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

இன்றிரவு மூன்றாம் படுக்கை காலி.
நான் படுத்திருக்கிறேன், காலணியோடு,
மார்பின் மேல் கடன் வாங்கிய ஒலிமானி.
மனிதர் தூங்குவதற்கு
எத்தனை டெசிபல் வரை பொறுக்கலாம்?
புதிய வரியில் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

அடிக்க வேண்டிய காற்று
பத்து மணிக்கே நின்றுவிட்டது.
எதெல்மிரா விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள்.
முள் அசையவில்லை.
காத்திருக்கிறேன்.